பொன் கிடைத்தாலும்

ஆகஸ்ட் ஒன்று, புதன். டெக்சஸ், கிலீன்.
புதன்தோறும் எங்கள் கண்ணாடிக் கடை இரவு ஒன்பது வரை.
எட்டு மணிக்கு மேல் கவுண்டர் டிவியில்
ஒரு சின்ன நாட்டின் மேல் பெரிய அம்புக்குறி.
வெண்டெல் சத்தத்தைக் குறைத்தார்.
நான் ஒரு வாத்தியாரின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை
அவர் காது மடலுக்கு வளைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ராணுவத் தளத்தின் கூடம் நிரம்பி வழிய
வேலை எங்களிடம் வந்தது:
விஷவாயு முகமூடிக்குள் பொருத்தும் கண்ணாடிகள்.
காதுக்குக் கொக்கி கிடையாது, அழகும் கிடையாது.
மைனஸ் இரண்டே கால். மைனஸ் நாலு.
மைனஸ் ஏழுகூட ஒருவன்,
கழற்றினால் தன் பூட்ஸையே தடவித் தேடுகிறவன்.
லமார் ப்ரூயிட். பத்தொன்பது வயது.
கடனில் வாங்கிய வண்டியின் சாவியைச் சுழற்றியபடி
"பேசித் தீத்துடுவாங்க மேடம்" என்றான்.

பேசினார்கள்.
தீர்மானம், அதற்கொரு எண், அதன் மேல் இன்னொரு எண்.
யார் கப்பல், யார் விமானம், யார் வெறும் பணம் என்று
பத்திரிகை பட்டியல் போட்டது.
பந்தல் வாசலில் மொய் எழுதும் நோட்டு
ஞாபகம் வந்தது எனக்கு.
முப்பத்துச் சொச்சம் நாடுகள்.
மாப்பிள்ளை யார் என்றுதான் சொல்லவில்லை.

ஜனவரி ஒன்பது, புதன். ஜெனீவா.
ஆறரை மணி நேரம்.
ஒரு கடிதத்தைப் படித்தவர் எடுத்துப்போகாமல்
மேஜையிலேயே விட்டுப்போனாராம்.
எங்களிடமும் ஒரு தட்டு உண்டு,
அளவு கொடுத்துவிட்டு வராமல் போனவர்களுக்கு.

ஜனவரி பதினாறு, புதன்.
லென்ஸ் அளக்கும் கருவியில் கண் வைத்திருந்தேன்.
உள்ளே பச்சைக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும்,
சக்கரத்தைத் திருப்பத் திருப்பத் தெளியும்.
அன்றிரவு டிவியில் குரல்கள்தான் அதிகம்.
பிறகு படமும் வந்தது:
அதே பச்சை.

ஒரு வீடியோவில் பாலம்.
குறுக்குக் கோடுகளின் நடுவே ஒரு கார்
ஊர்ந்து, கடந்து, போய்விட்டது.
அடுத்த நொடி பாலம் இல்லை.
விளக்கிய அதிகாரி ஏதோ சொல்ல, நிருபர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவிட்டேன்.
படுத்த பிறகுதான் யோசித்தேன்,
அந்த ஓட்டுநருக்கு என்ன பவர் இருக்கும்,
எதிர் வெளிச்சம் கூசுமா அவருக்கு என்று.

தரைப்படை எல்லை தாண்டிய மறுநாள், திங்கள்,
ப்ரூயிட்டின் மனைவி டெனீஸ் வந்தாள்,
கோழி வறுக்கும் கடையின் எண்ணெய் வாசனையோடு.
மணலில் கண்ணாடி கீறிவிட்டதென்று எழுதியிருந்தானாம்.
பதினைந்து டாலர் முன்பணம் வாங்கி
ரசீதில் வழக்கம்போல் எழுதினேன்:
ஐந்து வேலை நாட்கள்.

புதன் இரவு எட்டு மணிக்குப் போர் நிறுத்தம்.
மொத்தம் நூறு மணி நேரம்.
சாலை முழுக்க ஹாரன்கள். வெண்டெல் கேக் வாங்கி வந்தார்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள் எங்கள் பக்கம்.
ஏழு மாதத்தில் எனக்கு நாலு கிடைத்தது.

கண்ணாடி வெள்ளிக்கிழமையே தயார்.
போன் செய்தேன். மணி அடித்தது. சனியன்றும் அடித்தது.

ஏப்ரலில் திரும்பி வந்தவர்கள் லென்ஸ்களைக் கொடுத்துப் போனார்கள்.
சார்ஜென்ட் ட்ரெவீன்யோவுடையதில் எண்ணெய்க் கிணற்றுப் புகை,
ஏழு முறை கழுவியும் ஓரத்தில் நின்றது.
ப்ரூயிட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவளும் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் டெனீஸ் வந்தாள்.
முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றாள்.
கிடைக்கும் என்றேன், கடை விதிக்கு மாறாக.
எண்ணிக் கொடுப்பதற்குள்
தட்டிலிருந்த மைனஸ் ஏழை எடுத்துத்
தன் கண்ணருகே பிடித்தாள்.
கவுண்டரை, தெருவை, என்னைப் பார்த்தாள்.
"எல்லாம் இவ்ளோ சின்னதாவா தெரியும்" என்றாள்.

பவருக்கு ஏற்ப அப்படித்தான் என்றேன்.