எட்டு மணிப் பூ

புங்கா புக்குல் லாப்பான்.
மலாயில் புங்கா என்றால் பூ.
எங்கள் வாயில் அது பூங்கா ஆகிவிடும்.
ஒரு செடிக்கு அவ்வளவு நிலமா என்று
கிராணி சிரிப்பார்.

பெரட்டு முடிந்து, இருட்டோடு லோரி ஏறி
பதினாலாம் பிளாக்கில் இறங்கும்போது
இறுக்கிச் சுற்றிய குடை.
செம்பனை மட்டைக்கு மேலே வெயில் வந்து
என் சட்டை முதுகில் ஈரம் படரும் நேரம்
ஐந்து இதழ், வெள்ளை.
நடுவில் மட்டும்
யாரோ வெற்றிலை துப்பின மாதிரி ஒரு கறை.
சோற்று டப்பாவை நாங்கள் திறக்கையில்
அது கடையைச் சாத்திவிடும்.
அரைநாள் வேலை, முழுநாள் சம்பளம்
என்பாள் தெய்வநாயகி.

மாலைக்கு ஆகாது.
தலையில் வைத்தால்
ஊத்தான் மெலிந்தாங் பசார் போய்ச் சேருமுன்
கசக்கின காகிதம்.
முனியாண்டி கோயில் பூசாரி முகர்ந்து பார்த்துத்
தட்டை என்னிடமே தந்துவிட்டார்.

பின்னே எதற்கு?
இலையைத் திருப்பு. காம்பு சேரும் இடத்தில்
எள்ளளவில் இரண்டு கிண்ணம்.
பூவுக்கு வெளியே ஊறுகிற தேன்.
அதைக் குடிக்க இடுப்புச் சிறுத்த ஒரு குளவி வரும்,
நம்மைக் கொட்டாது.
குடித்த தெம்பில் நேரே செம்பனைக்குப் போய்
ஓலையைத் தின்று, ஓலையிலேயே பை தைத்துத்
தொங்குகிற புழுவின் உடம்பில்
தன் முட்டையைச் செருகிவிட்டுப் போகும்.
மிச்சத்தை முட்டை பார்த்துக்கொள்ளும்.

பைப்புழு வந்த வருஷம்
ஒன்பதாம் பிளாக் தீய்ந்த விளக்குமாறாய் நின்றது.
மரத்துக்கு மரம் துளை போட்டு மருந்து ஊற்றினோம்.
இரண்டு மாதம் என் விரலிலிருந்து
சோற்றுக்கும் அந்த நாற்றம் ஏறியது.
அதற்கப்புறம்தான் சின்னத்துரை ஹஃபிசுல்
ரோட்டோரமெல்லாம் இந்தச் செடி என்றார்.

நடுவது சுலபம்.
ஒரு சாண் தண்டு,
பச்சையுமில்லை முற்றலுமில்லை.
சாய்த்து வெட்டு. கீழ் இலையை உருவு.
கருப்புப் பையில் மண், இரண்டு கணு உள்ளே.
வலைநிழலில் ஒரு மாதம்.
அப்புறம் நிழலே காட்டாதே, பூக்காது.
பெர்ணம் ஆற்றுக் களிமண்ணில் தண்ணீர் நின்றால்
வேர் அழுகும், வாய்க்கால் கிழித்துவிடு.
வேறு கோபம் தெரியாத செடி.

என் கணக்கில் ஆயிரத்து இருநூறு பை.
கிராணி புத்தகத்தில் ஆயிரத்து நூறு.

ஜூலையில் புதிதாக வந்த ரஃபிகுலிடம்
யாரும் சொல்லவில்லை.
களைக்கொல்லி டின்னை முதுகில் மாட்டி
ரோட்டோரம் சுத்தமாக இருக்கணும் என்று மட்டும்
மண்டோர் சொன்னார்.
சுத்தம் செய்தான்.

நாலாம் நாள் நான் இறங்கி நின்றேன்.
எட்டு. எட்டரை. ஒன்பது.
ஒரு குடையும் விரியவில்லை.
வாய்க்கால் முனைவரை வறுத்த நிறம்.
நான் கத்தியது தமிழில்.
அவன் தலை குனிந்தது எந்த மொழியிலோ.
மண்டோர் பக்கம் திரும்பி நான் கத்தவில்லை
என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முன்னால்
ஒரு சைக்கிள், கேரியரில் உரச்சாக்கு.
உள்ளே ஈரத் துணியில் சுற்றிய தண்டுகள்.
எங்கே என்றேன் மலாயில்.
போலீஸ் நிலையத்து வேலி என்றான்.
கேட்டுவிட்டு எடுத்தாயா?
தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.
அந்த ஆட்டு எங்களிடமும் உண்டு,
அதற்கு நாங்களே அர்த்தம் சொன்னதில்லை.

எண்பத்தாறு இருந்தது.
சாய்த்து வெட்டியிருந்தான்.
வெட்டும்போது என்றைக்கோ
என்னைப் பார்த்திருக்க வேண்டும்.
விரித்துவைத்து அளந்தேன்.
எல்லாம் ஒரு சாண்தான்,
என் சாண் இல்லை, அவன் சாண்.
கூடுதலை நறுக்கி எறியக் கத்தியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

மூன்று கணு உள்ளே.