இணைப்பு: நாற்பத்தொரு தாள்கள்

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ் வாசல்.
திங்கட்கிழமை வெயிலுக்கு
ஒன்பதரை மணிக்கே முழு வயசு.
பிளாஸ்டிக் ஸ்டூலில் மனு எழுதுகிறவர்
பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்:
"இன்னாமா, பட்டாவா, பென்ஷனா?"

பள்ளிக்கூடம், என்றேன்.

பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்.
லோகித் ஜன்னலோரம்.
குடியாத்தம் வரைக்கும் எதிரே வந்த லாரிகளின்
நம்பரையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.
கூட்டிப் பார்க்கிறானோ, சும்மா ருசிக்கிறானோ,
எனக்குத் தெரியாது.
ஒன்பது வயசு. மூன்றாம் வகுப்பு.
மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு
பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான்.
அவ்வளவுதான் அவன் செய்கிற குற்றம்.
சில நாள் கத்துவான், அதையும் சொல்லிவிடுகிறேன்.
ஒருமுறை டீச்சர் கையைக் கடித்திருக்கிறான்.

எழுதுகிறவர் வழக்கம்போல ஆரம்பித்தார்:
"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில்..."
அவர் கைக்குப் பழகிய பாதை அது.
"...தாங்கள் கருணை கூர்ந்து" என்கிற இடத்தில்
விரலை வைத்தேன்.
அதை அடிச்சிடுங்க.
"அடிச்சா மனு நல்லா இருக்காதும்மா."
கருணை எங்க வீட்லயே இருக்குதுங்க,
இவர் பேரே தயாளன்.
என் புருஷன் அதற்கும் சிரிக்கவில்லை.
பையன் மணிக்கட்டைப் பிடித்தபடி
வெயிலுக்கு முதுகைக் கொடுத்து
அவன் அளவுக்கு ஒரு நிழல் போட்டு நின்றிருந்தார்.

தினமும் பதினொன்றேகாலுக்கு போன் வரும்.
ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் வரிசையில்,
என் மெஷின் மட்டும் நிற்கும்.
"வந்து இட்டுனு போம்மா, இன்னிக்கு முடியல."
நான் எண்ணத் தொடங்கிய பிறகே
அந்த இன்னிக்கு
நாற்பத்தொரு நாள் வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர்
வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
"பாருங்க, ஒரு நாள்கூட
உங்க பையனுக்கு ஆப்சென்ட் போட்டதில்ல."
போட்டதில்லைதான்.
காலையும் மாலையும் அவன் பெயருக்கு நேரே
அழகான டிக்.
என் மகன் வீட்டில்
வாசல் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிற மத்தியானங்களில்
காகிதத்தில் வேறொரு லோகித்
சமர்த்தாய் நாலு மணிவரை உட்கார்ந்திருக்கிறான்.
அவனைத்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.
இன்னும் உறுத்துகிறது அந்த நன்றி.
ராத்திரியிலிருந்து
தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை எறியவில்லை.
ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம்,
அதற்குக் கீழே என் பேனாவில்
இட்டுனு போகச் சொன்ன நேரம்.
மூலையில் கம்பெனி நூலால் ஒரு தையல்.
மெழுகு நூல். அறாது.

எழுதுகிறவர் புரட்டிப் பார்த்தார்.
"இத்த இன்னான்னு போடறது?"
இணைப்புன்னு போடுங்க.
"கோரிக்கை?"
மணி அடிக்கிறதுக்கு முன்னால்
யாராவது ஒருத்தர் அவனிடம் சொல்லிவிடணும்.
கதவோரம் ஒரு இடம்.
வாரத்தில் ரெண்டு நாள் வரவேண்டிய சிறப்பு டீச்சர்
ரெண்டு நாளும் வரணும்.
அப்புறம் அந்த டிக், உண்மையாய் இருக்கணும்.
"இதுக்குப் போயா கலெக்டரு?"
இதுக்குத்தான்.

புதுத் தாளுக்கு இருபது ரூபாய் கூட.
இந்த முறை கருணை இல்லை.
எப்படியோ 'பணிவுடன்' நுழைந்திருந்தது.
வரிசை நீண்டுவிட்டதால் விட்டுவிட்டேன்.

முத்திரை விழுந்த சத்தத்துக்கு
லோகித் காதைப் பொத்தினான்.
பிறகு ரசீதை வாங்கி
அதிலிருந்த எண்ணை, லாரி நம்பர் மாதிரி,
இரண்டு முறை ருசித்தான்.

வெளியே வரும்போது பதினொன்றேகால்.
கை தானாகப் போனைத் தேடியது.
இன்று அவன் பள்ளிக்கே போகவில்லை.

பதிவேட்டில் இருப்பான்.