உள்தாழ்ப்பாள்

மாதம் ஐந்து டாலர்.
இரண்டு எம்பனாடாவும் ஒரு காப்பியும்.
அதற்குச் சாவோ பாலோவில்
எனக்கொரு கணினி கிடைத்திருக்கிறது.
முழுக் கணினி இல்லை.
சந்தையில் பூசணியை அறுத்து விற்பார்களே,
அப்படி ஒரு பத்தை.
மீதிப் பத்தைகள் யார் யாருடையவையோ.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை
இரண்டு முறை படித்தேன்:
பராமரிப்பு உங்களுடையது.

புன்டா அரேனாஸில் இரவு பதினொன்று.
காற்று ஜன்னலை உலுக்குகிறது.
பகலெல்லாம் படகுச் சீட்டுக் கிழித்த விரல்கள்
விசைப்பலகையில் தயங்குகின்றன.
என் ஆசை சின்னது.
கூரையில் நட்ட காற்றுமானி சொல்வதைப்
பத்து நிமிடத்துக்கொரு வரியாக
எழுதிவைக்க ஓரிடம்.
என் தம்பி திராகோ கடலுக்குக் கிளம்புமுன்
கைப்பேசியில் ஒருமுறை பார்க்க.
வானொலி சொல்வது விமான நிலையத்துக் காற்று.
நீரிணையில் நண்டுக் கூடை இறக்குகிறவனுக்கு
அதனால் ஒன்றும் ஆகாது.

நான்கு எண்கள், இடையில் மூன்று புள்ளிகள்.
அதுதான் முகவரி.
தட்டினேன்.
‘இந்த இயந்திரம் இன்னாரென்று உறுதியாகச் சொல்ல முடியாது,
தொடரவா?’
என்னைப் பற்றியும்
யாரும் அப்படிச் சொல்ல முடியாதே.
ஒற்றை எழுத்தில் ஆமென்றேன்.
ஏற்கவில்லை.
முழுச்சொல்லாகச் சொல்லச் சொன்னது,
தேவாலயத்தில் கேட்பது போல.

கடவுச்சொல் அடிக்கும்போது
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
இருட்டில் பித்தான் போடுகிற மாதிரி
விரலை நம்பி அடித்தேன்.
திறந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை.
ஒரு பச்சைக் கட்டம், சிமிட்டுகிறது.
மணி கேட்டேன், இரண்டு என்றது.
எனக்கும் பதினொன்று, சாவோ பாலோவுக்கும் பதினொன்று.
எங்கள் இருவருக்கும் இல்லாத ஒரு நேரத்தில்
அது தனியாக வாழ்கிறது.

பதிவேட்டைத் திறந்தபோதுதான்
கழுத்து சில்லிட்டது.
பிறந்து ஆறு நிமிடம்,
அதற்குள் நூற்றுத் தொண்ணூறு பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
அட்மின் இருக்கிறாரா?
டெஸ்ட் இருக்கிறாரா?
ஆரக்கிள்? பேக்கப்? கெஸ்ட்?
யாரும் இல்லாத வீட்டில்
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கும்
முகமில்லாத வாய்கள்.

அவசரமாகச் சுவர் எழுப்பினேன்.
யாரும் வர வேண்டாம், எல்லா வழியையும் அடை.
என்டர்.

அடைத்தது.
சிமிட்டல் நின்றது.
அந்த யாரில் நானும் சேர்த்தி என்று
அப்புறம்தான் உறைத்தது.
வெளியே நின்றுகொண்டு
உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

உதவிக்கு எழுதினேன்.
வால்டெசிர் என்று ஒருவர் பதில் போட்டார்,
பணிவாக, இரண்டே வரி:
உங்கள் இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.
உள்ளே நடப்பது உங்கள் விஷயம்.
திட்ட நினைத்தேன்.
அவர் சொன்னதில் பிழையில்லை.

அழித்தேன். மறுபடி பிறந்தது.
இம்முறை
முதலில் எனக்கொரு வாசல், பிறகு சுவர்.
கடவுச்சொல்லே வேண்டாம், சாவி மட்டும்.
ஐந்து முறை தவறினால்
பத்து நிமிடம் வெளியே நில்:
இதுவும் நானே எழுதிய சட்டம்.
விடியும்போது ஒரு பக்கம் எழுந்து நின்றது,
அலங்காரமில்லாமல், ஒரே வரியோடு:
மேற்குக் காற்று, நாற்பத்தொரு நாட்.

திராகோவிடமிருந்து செய்தி:
‘சரி. இன்று போகவில்லை.’
நன்றி கிடையாது. அவன் அப்படித்தான்.

மதியம் அலுவலகத்திலிருந்து
சும்மா எட்டிப் பார்க்கலாமென்று தட்டினேன்.
மறுத்தது.
சாவி வீட்டு மடிக்கணினியில்.
தெரிந்தும் தட்டினேன், வீம்புக்கு.
ஐந்தாம் முறைக்குப் பிறகு
பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது.

இரவு பதிவேட்டில் பார்த்தேன்.
அட்மினுக்கும் கெஸ்ட்டுக்கும் நடுவில்
யெர்கா, யெர்கா, யெர்கா, யெர்கா, யெர்கா.
அதற்குக் கீழே, எந்தச் சலுகையும் இல்லாமல்:
தடை, பத்து நிமிடம்.