உள்ளி போடுமுன்

கல்யாண வீட்டுக்காரர்கள்
என் உள்ளித்தீயலுக்கென்றே ஆளனுப்புவார்கள்.
ஈருள்ளி உடையாமல் வதங்க வேண்டும்.
வறுத்தரைத்த தேங்காய் எண்ணெய் கக்க வேண்டும்.
மறுநாள் ருசி இன்னும் கூடும்.
அந்த மறுநாளைத்தான்
கைசரின் சட்டியில் ஊற்றினேன்.

குலசேகரத்தில் விடாமழை.
பால்வெட்டு இல்லை,
ரப்பர் மூடுகளில் சிரட்டை சிரட்டையாய் மழைத்தண்ணீர்.
றசலையன் நாள்பூரா வீட்டில்,
ஆகவே மூன்று நாளும் தீயல்.
மூன்று நாளும் சோற்றில் பிசைந்து
கைசருக்கும்.
நாலாம் நாள் கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தான்.
ஐந்தாம் நாள் வாழைமூட்டில் அவன் பெய்தது
கட்டஞ்சாயா நிறம்.

மிருக ஆஸ்பத்திரியில்
பினுஜா டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.
ஈறு, ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்திருந்தது.
"என்ன குடுத்தீங்க?"
"சோறு."
"சோத்துக்கு மேல?"
ஊரே புகழ்ந்த பெயரை
முதல் தடவையாக
தலை குனிந்து சொன்னேன்.

"உள்ளி இதுங்க ரத்தத்த உடைக்கும்மா.
வெந்தாலும் உடைக்கும். பூண்டும் அப்படித்தான்."

ஊசி ஏறி முடியும் வரை
என் அடுக்களையை ஒவ்வொரு பாத்திரமாகத்
திறந்து காட்டினேன் அவளுக்கு, வாயால்.
மரச்சீனி?
நல்லா அவிச்சு, தண்ணியக் கொட்டிட்டு, ஒரு துண்டு.
பச்சையா தொடவே கூடாது.
சாளை?
அவிச்சு முள்ளெடுத்துக் குடுங்க. உப்பு, மிளகு வேண்டாம்.
கோழிக்கறி தரலாமாம், எலும்பு கூடாதாம்,
வெந்த எலும்பு குடலுக்குள் ஊசியாகுமாம்.
மட்டிப்பழம் ஒன்று.
சக்கை, கொட்டை நீக்கி ஒரு சுளை.
முட்டை அவித்தது. மத்தங்காய் எவ்வளவு வேண்டுமானாலும்...
"அவ்வளவெல்லாம் இல்ல," என்று சிரித்தாள்.
"அப்போ கிறிஸ்மஸ் கேக்கு?"
பேனாவைக் கீழே வைத்தாள்.
"உலர்ந்த திராட்சை கிட்னியக் கொண்டுபோயிரும்."
போன கிறிஸ்மஸுக்கு
தட்டிலிருந்து அவன் நக்கிய துணுக்கை நினைத்து
பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிழைத்தான்.
ரத்தம் ஊற இருபது நாள் பிடித்தது.

இப்போது பதினோரு மணிக்கு
உள்ளி உரிக்கும் முன்னமே
அவன் பங்கு தனி அடுப்பில்.
சோறு, மத்தன், இரண்டு சாளை.
உப்பு டப்பாவுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை.
பார்க்கச் சப்பென்று இருக்கும்.
கைசர் சட்டியைத் தள்ளித் தள்ளி
முற்றம் முழுக்கச் சுற்றித் தின்கிறான்.

ஒரு ராத்திரி அடுக்களையில் விளக்கு.
றசலையன்,
பிரஷர் டாக்டர் இரண்டு வருஷமாய்ச் சொல்லியும்
ஊறுகாயை விடாத மனுஷன்,
நாயின் பானையில் அகப்பையோடு நின்றான்.
"ருசி பாத்தேன்."
"உப்பில்லையே."
"அதான்."
பக்கத்தில் கைசர், காதை மடக்கி,
தன் பங்கு எவ்வளவு குறைகிறதென்று
அளந்துகொண்டிருந்தான்.

மறுநாள் பெரிய பானை வாங்கினேன்.
மாத்திரைச் சீட்டைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

தீயல் இப்போது எனக்கு மட்டும்.
பத்து ஈருள்ளி போதும்.
அதை ஒருத்தி தனியே தின்பதில்
ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.
தின்றுவிட்டு சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுகிறேன்.
போவதில்லை வாசனை.
கைசர் வந்து
என் விரல்களை ஒவ்வொன்றாய் மோந்து,
கண்ணை மூடுகிறான்.
இன்னமும் அவனுக்கு
அதுதான் பிடித்திருக்கிறது.