கைகலப்பு

காசிமேட்டு ஸ்டேஷனில் எனக்கு வேலை
சொல் பொறுக்குவது.
ரைட்டர் என்பார்கள்.
கதை கேட்டு எவரும் வருவதில்லை,
எல்லோரும் கதையோடுதான் வருகிறார்கள்.

அடிதடி என்று எழுதினால்
அடித்தவன் யார் என்று அடுத்த வரி கேட்கும்.
கலவரத்துக்கு ஆள் போதாது.
மோதல் என்றால் வண்டி இரண்டாவது வேண்டும்,
அதில் ஒன்று தண்ணி லாரியாக இருந்தால் நல்லது.
போர் என்று புகார் கொடுக்க
இதுவரை ஒருத்தரும் படியேறவில்லை;
அதற்கு ரசீது தருகிற ஸ்டேஷன்
எந்த ஊரில் இருக்கிறதோ.
பூசல், சமர், அமர், செரு
எல்லாம் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு சரி.
அவற்றால் எவருக்கும் பல் போனதாகத் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது இந்த ஒரு வரி:
வாய்த் தகராறு முற்றிக் கைகலப்பானது.
தூக்கத்திலும் என் பேனா எழுதும்.
வெண்டைக்காய் மாதிரி வாய் முற்றும்,
அப்புறம் கை கலக்கும்.
யார் கை, எந்தக் கை என்று
கலந்த பிறகு
பால்காரனாலும் பிரிக்க முடியாது.

நேற்று விடியற்காலை நாலரை.
ஐஸ் தூக்கும் தேசப்பன்,
லாஞ்ச் ஓனர் கஜபதி.
பாக்கிக் கூலி எழுநூற்றைம்பது.
தேசப்பனுக்கு முன்பல் இல்லை,
கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தான்.
கஜபதிக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று காணோம்.
"ரெண்டு பக்கமும் சேதாரம்" என்றார் எஸ்.ஐ.,
"கைகலப்புனு போட்டு அனுப்பு."

போட்டேன்.
கார்பன் வைத்து மூன்று பிரதி.

கையெழுத்துக்கு முன்
தேசப்பன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
பல் போன வழியாகக் காற்று வந்து
தகராறில் 'த' நிற்கவில்லை.
அடுத்த சொல்லில் அவனே நின்றான்.

"என் கை எப்ப மேடம் கலந்துச்சி?
தோள்ல ஐஸ் பாரு.
ரெண்டு கையாலயும் புடிச்சினு இருந்தேன்.
உட்டா ஒடஞ்சிடும்.
ஒடஞ்சா அதுவும் என் கணக்கு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
வெளுத்துச் சுருங்கி,
கோணி நூல் ஒட்டிக்கொண்டு.
கஜபதி டீ குடித்துக்கொண்டிருந்தான்,
மற்றக் கையின் மோதிரத்தைக்
கட்டைவிரலால் திருப்பித் திருப்பி.

அடித்துத் திருத்தினால் சுருக்கொப்பம் வேண்டும்,
எஸ்.ஐ. ரவுண்ட்ஸ் போய்விட்டார் என்றேன்.
அவர் பக்கத்து அறையில் இருந்தாலும்
திருத்தியிருக்க மாட்டேன்.

அவன் கையெழுத்துப் போட்டான்.
மூன்றாம் பிரதியை மடித்துக்கொண்டு போனான்.
கார்பன் தேய்ந்தது;
அந்தத் தாளில் 'கை' தெரியும்,
மிச்சம் ஊதா நிழல்.

பல்லை மேசையிலேயே மறந்துவிட்டான்.
கைக்குட்டை ஈரம் ரெஜிஸ்டர் வரைக்கும் வந்துவிட்டது.
கைப்பற்றிய பொருள் என்று எழுதலாம்.
அதிலும் ஒரு கை வருகிறது.