கரண்ட் போனபோது

லயத்து வீடுகளுக்கு நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
பக்கத்து வீட்டில் வெடிக்கும் கடுகை
இங்கிருந்தே எண்ணலாம்.
அங்கே எப்படி வாய்விட்டு வேண்ட?

வெள்ளிக்கிழமை எஸ்டேட் மாரியம்மன் முன்னால்
எல்லாரோடும் நின்று
எல்லாரும் சொல்வதையே சொன்னேன்:
எல்லாரையும் நல்லா வை, தாயே.
இரண்டு வருஷம் அதையே சொன்னேன்.
திருநீற்றை மடித்து எடுத்துவந்து
ராசலிங்கத்தின் நெற்றியில் பூசுவேன்.
சில்வர் ஓக் கிளையிலிருந்து விழுந்த நாள் முதல்
அவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.
நெற்றிக்குத் தெரியும்.
கண்ணை மூடிக்கொள்வார்.

கீழ்க்கோத்தகிரி பேக்டரியில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
மாடியில் ஆறு தொட்டிகளில்
பச்சைக் கொழுந்து விரிந்து கிடக்கும்.
அடியில் விசிறிகள் விடிய விடிய உறுமும்.
காதுக்குள் கத்தினாலும் கேட்காது,
கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம்.
அந்த இரைச்சலுக்குள் ஒரு நாள்
கொழுந்தைப் புரட்டிக்கொண்டே
சத்தமாகப் பேசிப் பார்த்தேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
அவளுக்குக் கேட்டால் போதும் என்று
அன்றிலிருந்து தினமும்.

முதலில் மரியாதையாகத்தான்.
அப்புறம் வாடி, போடி.
படுக்கைப்புண்ணின் நாற்றத்தைச் சொன்னேன்.
குழுக்கடனைச் சொன்னேன்.
அவள் உண்டியலுக்கு முடிந்துவைத்த பத்து ரூபாயை
அவிழ்த்து பஸ்ஸுக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
காட்டெருமை மறித்து நிற்கிற பாதைபோல
அதன் கிட்டே போய்ப் போய்த் திரும்புவேன்.

கார்த்திகையில், விடாமல் மழை பிடித்த ராத்திரி
அதையும் சொன்னேன். கத்தியே சொன்னேன்:
"அந்த மனுசனை எடுத்துக்கோ.
எனக்கு முடியல.
தூங்குறப்பவே எடுத்துக்கோ."

கரண்ட் போனது அப்போதுதான்.
ஆறு விசிறியும் சுருதி இறங்கி நிற்க,
கடைசி வரி மட்டும்
தகரக் கூரையில் முட்டித் திரும்பி
எல்லார் காதிலும் விழுந்தது.
இருட்டு. மழை.
கீழே பாய்லரண்டை யோகராசா
விறகு தள்ளுவதை நிறுத்திவிட்டார்.
கொழுந்துக்குள் இரண்டு கையையும் புதைத்துக்கொண்டேன்.

நாலாவது தொட்டிப் பக்கமிருந்து மாதி
நிதானமாகச் சொன்னாள்:
"என் பையனுக்கு நானும் இதையேதான் கேட்டேன் அக்கா.
அப்ப அவனுக்கு ஒம்பது வயசு."
வேறொன்றும் சொல்லவில்லை.
பையன் இருக்கிறானா என்று நானும் கேட்கவில்லை.
யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
"மெழுகுவத்தி வேணுமா?" என்றார் யோகராசா.
வேணாம் என்றேன்.

ஜெனரேட்டர் போட்டார்கள்.
மறுபடி அதே உறுமல்.
சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.
சும்மா புரட்டினேன்.
கொழுந்து பக்குவமாய் வாடியிருந்தது.
இனி முறுக்கினாலும் நொறுங்காது.

காலை ஆறரைக்கு வீடு.
அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றினேன்.
இத்தனை நாள் முதுகோடு முடித்துவிடுவேன்.
இன்று முகத்தைப் பார்த்தேன்.
"என்னா பாக்குற?" என்றார்.
"தாடி காடா கெடக்கு. சவரம் பண்ணிவிடுறேன்."
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.
அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.