எர்த் கம்பி

நாற்பத்தோரு கிலோ, என் பழைய கேபினெட்.
பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர், மரப்பெட்டி, இரும்புக் கைப்பிடி.
சாயல்குடியில் பஸ் மாறும்போது
கண்டக்டர் அதற்கு இரண்டு டிக்கெட் கிழித்தார், எனக்கு ஒன்று.
அந்த வருஷமே விற்றுவிட்டேன்.
கமுதியில் ஒரு மண்டபத்தில்
சாம்பார் வாளி வைக்க உதவுகிறதாம்.

இப்போது பன்னிரண்டு கிலோ காம்போ,
சோப்புக்கட்டி அளவில் ஒரு டி.ஐ. பெட்டி,
ஒன்பது வோல்ட் பேட்டரி நான்கு,
அதில் எது செத்தது என்று நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
உப்புக்காற்றில் ஜாக் பின்கள் பச்சை பூக்கும்.
பழைய பல்துலக்கி, கொஞ்சம் ஸ்பிரிட், ஞாயிறுதோறும்.
உறவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும்
பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா பொட்டலம் எனக்கு வந்துவிடும்.
செருப்பைப் பற்றி நான் கேட்டதே இல்லை,
அதில் சின்னத்தைக்கு வருத்தம்.

மூக்கையூர். சந்தியாகப்பர் திருவிழா, எட்டாம் இரவு.
மேடை மணலில்.
டெல்பினின் சகரங்களையெல்லாம் கச்சான் தின்றுகொண்டிருந்தது.
என்னுடையதைத் தின்ன அதற்குப் பல் போதாது.
ஆனால் வெட்டவெளியில் பேஸுக்குச் சுவர் கிடையாது.
கொடுத்தது கொடுத்ததுதான்,
கடல் வாங்கிக்கொள்ளும், திருப்பாது.
சப் ஒன்று வேண்டும் என்றேன்.

"நாலு கம்பிக்கு எதுக்கு சப்பு, தங்கச்சி?"
என்றார் சவுண்டு செட் கருமலையான்.
இருந்த இரண்டையும் டிரம்ஸுக்குக் கொடுத்திருந்தார்.
பேசிப் பேசி ஒன்றை வாங்கினேன்.
பழைய வள்ளப் பலகை இரண்டை மணலில் போட்டு
அதன்மேல் ஏற்றினோம்.

பிறகுதான் அது கேட்டது.
ம்ம்ம்ம்.
ஜி. ஒரு மயிரிழை ஏறின ஜி.
பந்தல் சீரியல் லைட்டு எரிந்ததும்
ஜெனரேட்டர் மூச்சு வாங்கி எஃப் ஷார்ப்புக்கு இறங்கும்,
மறுபடி ஏறும்.
நான் வாசிக்காமலேயே யாரோ என் வேலையைச் செய்கிறார்கள்,
அதுவும் சுதி சேராமல்.

"மைக்கு உதட்டைக் கடிக்குதுக்கா" என்றாள் டெல்பின்.

கருமலையான் கட்டிங் பிளேயரோடு வந்தார்.
பிளக்கில் மூன்றாவது காலை வெட்டினால் சத்தம் நிற்கும் என்றார்.
நிற்கும்.
கூடவே யாராவது நிற்கக்கூடும்.
நான் பிளக்கின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.
கமிட்டிக்காரர்கள் மணி பார்த்தார்கள்.

ஜெனரேட்டர் சீனி காதர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.
"எர்த்து ராடு மதுரையிலேயே நின்னுபோச்சு.
ஆனா இவ்வளவு பெரிய எர்த்தை வச்சுக்கிட்டு..."
என்று தெற்கே கையைக் காட்டினார்.

கரையில் எமரித்தின் வள்ளம் கிடந்தது.
அவனிடம் நங்கூரம் கேட்டோம்.
"பாட்டுக்கா?" என்றான்.
அலை தொட்டுப் போகும் ஈரத்தில் குழி தோண்டி
நங்கூரத்தை இறக்கி
துருவை அரத்தால் சுரண்டி
என் கிளாம்பால் வெல்டிங் கேபிளைக் கடித்துக்கொள்ள வைத்தோம்.
ஆறு குடம் கடல் தண்ணீர்.
கேபிளின் மறுமுனையை சீனி காதர் முடுக்கினார்.

நின்றது.

அத்தனை ஸ்பீக்கரும் திறந்திருக்க
ஒன்றுமே வரவில்லை.
பத்து வருஷ மேடையில் இப்படி ஒரு ஒன்றுமில்லாததை
நான் கேட்டதில்லை.
டெல்பின் ஒரு விரலால் மைக்கைத் தொட்டுப் பார்த்தாள்.
அப்புறம் உதட்டால்.

முதல் பாட்டில் மூன்றாம் கம்பியைத் தட்டியபோது
பலகைக்கு அடியில் மணல் சரிந்தது.
வள்ளத்தின்மேல் உட்கார்ந்திருந்த எமரித்
நெஞ்சில் கை வைத்துக்கொண்டு
பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான்.
என்ன என்று கேட்க நேரமில்லை.

விடிகாலை, கேபிள் சுற்றும்போது குழி காலி.
வள்ளமும் இல்லை.
வெல்டிங் கேபிளை ஒழுங்காகச் சுருட்டி
மணலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சம்பளம் ஆயிரத்து எண்ணூறு.
கிளாம்ப் நூற்று நாற்பது.
ஏதோ ஒரு பார்மேல், ஏழு பாகம் ஆழத்தில்,
இந்நேரம் அது
நங்கூரத்தைக் கடித்துக்கொண்டு கிடக்கும்.